இறுகாத தடம்

காலை பதினொன்று பத்துக்குப் பச்சையம்மா குழந்தையை அடிக்கக் கை ஓங்கினாள்.

குழந்தை அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. இமை மூடவில்லை. தோள் குறுகவில்லை.

"இன்னொரு தடவை," என்றான் சோதனையைக் குறித்துக்கொண்டிருந்த கிஷோர்.

இந்த முறை இன்னும் வேகமாக ஓங்கினாள். கை கன்னத்துக்கு ஒரு விரல்கடை தள்ளி நின்றது. ரட்சிகா சிரித்தாள். நாலு வயது. மேல்வரிசையில் ஒரு பல் பாதி உடைந்திருந்தது.

"சூப்பர்க்கா." கிஷோர் டேப்லெட்டில் எதையோ தட்டினான். "வந்தப்ப கதவைச் சாத்தினாலே ஒண்ணுக்குப் போயிடும். இப்ப பாருங்க. என்ன மந்திரம்க்கா போடுறீங்க?"

"முட்டை போட்டேன். பால் குடுத்தேன். யாரும் அடிக்கல. இதுல இன்னா மந்திரம் சார்?"

"பயம் இருந்தா, மூளையிலேர்ந்து எடுக்கற காப்பியில அதுவும் சேர்ந்து வந்துடும்க்கா. யோசிக்காம உடம்பு என்னென்ன செய்யுதோ அத்தனையும் வரும். போன வருஷம் ஒரு வீட்ல பெரிய தகராறு. அப்பா தலை வாரச் சீப்பை எடுத்தா பையன் ரெண்டு கையாலயும் தலைய மூடிக்கறான். அந்த அப்பா அவனை ஒரு நாளும் தொட்டதில்ல."

"இவளோடது யாருக்கு சார்?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்க பாருங்க. டாக்டர் மேடம் பொண்ணுக்குத்தான். எத்தனை பிள்ளைங்க வந்து போச்சு, எதுவும் மேடத்துக்குப் பிடிக்கல. இவ நடை பிடிச்சிருக்கு."

அவன் போனான். பச்சையம்மா காலடிச் சத்தம் தேயும்வரை நின்றாள். பிறகு குழந்தை சாப்பிட்ட எவர்சில்வர் தட்டை எடுத்து, கரண்டியால் அதன் விளிம்பில் இரண்டு தட்டு தட்டினாள். மெதுவாகத்தான்.

ரட்சிகா அங்கே இல்லை.

கட்டிலுக்கு அடியில், சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். முழங்கால் மார்பில். முஷ்டி வாய்க்குள். மூச்சு விடுகிறாளா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

"வண்டி போயிடுச்சு," என்றாள் பச்சையம்மா.

குழந்தை வெளியே வந்தது. விட்ட இடத்தில் பந்தை எடுத்து உருட்டியது.

கட்டிட வேலை நடக்கும் இடத்தில் குழந்தைகள் இருக்கக் கூடாது. வாசலில் அப்படித்தான் பலகை வைத்திருந்தார்கள். ஆனால் சித்தாள் வேலைக்கு வருகிறவள் பிள்ளையை எங்கே விடுவாள்? ஆகவே பிள்ளைகள் இருந்தார்கள். பலகை இருந்ததால், கண்ணில் படாமல் இருந்தார்கள். ஆய்வாளரின் வண்டி வாசலில் திரும்பினால், முதலில் பார்க்கிறவள் கொத்தனாரின் கரண்டியை வாங்கிக் கலவை சுமக்கும் இரும்புப் பாண்டில் இரண்டு தட்டு தட்டுவாள். பிள்ளைகள் சிமெண்ட் மூட்டைக்குப் பின்னால், குழாய்க்குள், பலகைக் குவியலுக்கு அடியில் மறைந்துபோவார்கள். வண்டி போயிடுச்சு என்று சொன்னால்தான் வெளியே வருவார்கள். ஒரு பிள்ளை தலையை நீட்டினாலும் அன்று மாலையே மொத்தக் கூட்டத்துக்கும் வேலை போகும். அதனால் பால் மறக்கும் முன்பே பழக்குவார்கள். பாண்டைத் தட்டு. வாயைப் பொத்து. காலை மடக்கு. பேச்சு வருவதற்கு முன் பிள்ளைக்கு இது வந்துவிடும்.

மையத்தில் யாருக்கும் இது தெரியாது. ஏழை வீட்டுப் பிள்ளையின் பயம் என்றால் அவர்களுக்கு ஓங்கிய கைதான். அதை மட்டும் சோதித்தார்கள்.

மையத்தின் பெயர் தளிர்நடை. நாவலூர் தாண்டி, பாதி கட்டி முடித்த கோபுரங்களுக்கு நடுவில், முழுதாகக் கட்டி முடித்த ஒரே கட்டிடம். பெரிய பள்ளிகள் எல்லாம் எல்.கே.ஜி. சேர்க்கைக்கு அசைவு மதிப்பெண் கேட்கத் தொடங்கிய பிறகு வந்தது. ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். குறுகிய பலகையில் நடக்க வேண்டும். எட்டு வைத்துப் படி ஏற வேண்டும். இருபத்தைந்தாவது மாடியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது வரவில்லை. இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்திருந்தார்கள். கண்ணாடித் திரைக்கு முன்னால் உட்கார வைத்து ஊட்டியிருந்தார்கள். எதிர்த்த கட்டிடத்தில் செங்கல் குவியல் மேல் ஓடுகிற பிள்ளைக்கு அத்தனையும் வந்தது. ஒரு பிள்ளையின் மூளையில் இருக்கும் தடத்தைப் படித்து இன்னொரு பிள்ளையின் மூளையில் பதிக்க முடியும் என்று டாக்டர் ஹேமலதா கண்டுபிடித்தாள். கொடுக்கும் பிள்ளைக்கு எதுவும் குறையாது என்றாள். ஆறு வாரம் பிள்ளைக்கு இங்கே சாப்பாடு. குடும்பத்துக்கு ஒரு வருடத்துக்கு அரிசி.

இரண்டு வருடம் முன்னால் பச்சையம்மா அந்த அரிசியை வாங்கியிருந்தாள்.

அவள் மகன் நித்தினுக்கு அப்போது நாலு வயது. சாரம் கட்டிய மூங்கிலில் குரங்குக்குட்டி மாதிரி ஏறுவான். மேஸ்திரி கீழே நின்று கத்துவார். அவன் மேலிருந்து நாக்கை நீட்டுவான். நகல் எடுத்து வீட்டுக்கு அனுப்பிய மூன்றாம் நாள், எப்போதும் தாண்டுகிற பள்ளத்தின் குறுக்கே போட்ட பலகை முன்னால் வந்து நின்றான். ஒரு காலைத் தூக்கினான். தூக்கிய காலைப் பார்த்தான். அது யாருடைய கால் என்பது போல.

"எம்மா, இத்த எங்க வெக்கிறது?" என்று கேட்டான்.

அவள் அவனைத் தூக்கிக்கொண்டு மையத்துக்குப் போனாள். மூன்று முறை போன பிறகு டாக்டர் பார்த்தாள்.

"எங்க ட்ரயல்ல யாருக்கும் இப்படி ஆகலம்மா. சத்துக் குறைவா இருக்கும். கீரை குடு."

"ஓடிக்கினு இருந்த புள்ளம்மா."

"வளர்ற வயசு. சரியாயிடும். அடுத்தவங்கள வரச் சொல்லுப்பா."

சரியாகவில்லை. ஆறு வயதில் நித்தின் சுவரைப் பிடித்து நடந்தான். சுவர் இல்லாத இடத்தில் உட்கார்ந்து நகர்ந்தான். அவன் அப்பா கேரளாவில் வேலைக்குப் போனவர். போனில் மட்டும், "ஓடறானா?" என்று கேட்பார். அப்புறம் அதையும் கேட்பதை நிறுத்தினார்.

எட்டு மாதம் முன்னால் மையத்தில் ஆயா வேலைக்கு ஆள் கேட்டார்கள். கட்டிடத் தளத்துப் பிள்ளைகளின் பாஷை தெரிந்தவள் வேண்டும். பச்சையம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். டாக்டர் அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். விரட்டுவாள் என்று பச்சையம்மா நினைத்திருந்தாள். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"பேர்?"

"பச்சையம்மா."

"குழந்தைங்க உண்டா?"

"ஒரு பையன் மேடம்."

"நல்லது. குழந்தை வளர்த்த கைதான் எனக்கு வேணும்."

அவளுக்கு ஞாபகமே இல்லை. பச்சையம்மாவின் கோபம் அதுவரை சூடாக இருந்தது. அந்த நிமிடத்தில்தான் அது குளிர்ந்தது. குளிர்ந்த பிறகு அதைக் கையில் வைத்துக்கொள்ள முடிந்தது.

எதனால் இப்படி ஆகிறது என்று கிஷோர்தான் சொன்னான். டீ குடித்துக்கொண்டு, சினிமாக் கதை சொல்வது போல.

"காப்பி எடுக்கறப்ப அந்தத் தடம் கொஞ்சம் இளகும்க்கா. வெல்லம் மாதிரி. நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம் இருந்தா ஒரு வாரத்துல பழையபடி இறுகிடும். முன்னைவிட கெட்டியாவே இறுகும்."

"இல்லன்னா?"

"இல்லன்னா ஓடிடும்."

"ட்ரயல்ல யாரு புள்ளைங்க சார்?"

"ஸ்டாஃப் வீட்டுப் பிள்ளைங்க. எங்க அக்கா பையன்கூட. எல்லாம் நல்லா இருக்கு."

"எடுக்கறதுக்கு முன்னாடி ஆறு வாரம் சோறு போடுறீங்க. எடுத்தப்புறம் ஒரு வாரம் போட்டா இன்னா?"

கிஷோர் டீக்கோப்பையின் அடியைப் பார்த்தான். "முன்னாடி போடறது காப்பி நல்லா வரதுக்குக்கா. அப்புறம் போடறது பட்ஜெட்ல இல்ல."

அதன் பிறகு வந்த ஒவ்வொரு தாயிடமும் அவள் குசுகுசுத்தாள். ஒரு வாரம் முட்டை குடு. ஊருக்குக் கூட்டிப் போ. தூங்க வை. சிலர் கேட்டார்கள். சிலரால் முடியவில்லை. நகல் எடுக்கும் முன்பே அந்தப் பிள்ளைகளுக்குக் கரண்டிச் சத்தத்தின் பழக்கத்தையும் அவளே மறக்கடித்தாள். தட்டைத் தட்டித் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு துண்டு கடலைமிட்டாய். சத்தம் கேட்டால் ஒளிவதற்குப் பதில் கை நீட்டும்வரை. வாங்கும் வீட்டுப் பிள்ளைகள் மேல் அவளுக்குப் பகை இல்லை.

ரட்சிகாவுக்கு மட்டும் மிட்டாய் கொடுக்கவில்லை.

நகல் எடுத்த அன்று சாயங்காலம் ரட்சிகாவைக் கூட்டிப் போக அவள் அம்மா செல்வராணி வந்தாள். பச்சையம்மாவின் ஊர்ப் பக்கம்தான். மைய வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

"எக்கா, ஒண்ணும் ஆவாதுல்ல?"

பச்சையம்மா ரட்சிகாவின் சட்டைப் பித்தானைச் சரி செய்தாள்.

"ஆவாது. ஒரு வாரம் நல்லா தூங்க வை."

செல்வராணி சிரித்தாள். "எங்கக்கா தூங்கறது? எட்டாவது தளத்துக்குக் காங்கிரீட்டு போடறாங்க. விடிய விடிய மிக்சர் ஓடுது. தகரம் தடதடங்குது. எங்களுக்கே தூக்கம் இல்ல."

அது பச்சையம்மாவுக்குத் தெரியும். அவளும் அதே வரிசையில், அண்ணன் குடும்பத்தோடு, நாலு கொட்டாய் தள்ளித்தான் இருந்தாள்.

"முட்டை நான் வாங்கித் தரேன்," என்றாள்.

வாங்கித் தந்தாள். தூக்கத்தை எந்தக் கடையிலும் விற்கவில்லை. அந்த வாரக் கடைசியில் ரட்சிகா செங்கல் அடுக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். செல்வராணி, "சளி புடிச்சிருக்கு, அதான் தள்ளாடுது," என்றாள். பச்சையம்மா ஆமாம் என்று தலையாட்டினாள்.

மூன்று வாரம் கழித்து மையத்தில் விருந்து. நகரத்தின் பெரிய பள்ளிகளை நடத்துகிறவர்கள் வந்திருந்தார்கள். வெள்ளைத் துணி விரித்த நீள மேஜை. நடுவில் மேடை. மேடையில் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு குறுகிய மரச்சட்டம்.

மிஷா அதில் நடந்தாள். டாக்டரின் மகள். ஒரு மாதம் முன்னால் மாடிப்படியில் உட்கார்ந்து இறங்கிய பிள்ளை. இப்போது கைகளை விரித்து, நிமிர்ந்து, கீழே பார்க்காமல் நடந்தாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

பச்சையம்மா தண்ணீர் ஜாடியோடு சுவரோரம் நின்று அந்தக் காலைப் பார்த்தாள். ஒவ்வொரு எட்டுக்கும் முன்னால் கட்டைவிரல் முதலில் தொட்டுப் பார்த்தது. அப்புறம்தான் பாதம் இறங்கியது. ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுகிற கால் அது. அந்தக் கூடத்தில் எங்கும் ஆணி இல்லை.

"இயல்பா வருது பாருங்க," என்றார் ஒருவர்.

மிஷா குதித்து இறங்கினாள். டாக்டர் எழுந்து நின்றாள். பட்டுப்புடவை, ஒற்றை முத்து. பேசப் போகிறாள். கூடத்தில் இன்னும் சலசலப்பு. அவள் சிரித்துக்கொண்டே ஸ்பூனை எடுத்துக் கண்ணாடித் தம்ளரில் இரண்டு தட்டு தட்டினாள்.

மேடை காலியாக இருந்தது.

"மிஷா?" என்றாள் டாக்டர். விருந்தினர் சிரித்தார்கள். "கண்ணாமூச்சியா? மிஷா, வெளிய வாடா செல்லம்."

யாரோ மேஜைத் துணியைத் தூக்கினார்கள். சிரிப்பு நின்றது.

டாக்டர் முழங்காலிட்டாள். குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. முழங்கால் மார்போடு பூட்டியிருந்தது. முஷ்டி வாய்க்குள். கண் திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை. உதடு வெளுத்துக்கொண்டு வந்தது.

"மிஷா. அம்மாடா. அம்மாவைப் பாரு. கிஷோர்! ஆக்சிஜன்! ஏன் மூச்சு விடமாட்டேங்கறா? கிஷோர்!"

பச்சையம்மா பார்த்தாள். பட்டு தரையில் புரண்டது. யாரோ கொட்டிய சாம்பாரில் அதன் சரிகை நனைந்தது. தரையில் உட்கார்ந்து பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு, இதை என்ன செய்வது என்று தெரியாத ஒரு பெண். பச்சையம்மா பார்க்க விரும்பியது இதைத்தான். நன்றாகப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் யார் செய்தது என்று தெரியாவிட்டால் பழி பாதிதான்.

ஜாடியைக் கீழே வைத்தாள். குனிந்தாள்.

"வண்டி போயிடுச்சு," என்றாள்.

மிஷா மூச்சை இழுத்தாள். மேஜைக்கு அடியிலிருந்து தவழ்ந்து வந்தாள். எதுவும் நடக்காதது போல ஒரு ரொட்டித் துண்டைப் பொறுக்கினாள்.

டாக்டர் மெல்ல நிமிர்ந்தாள். "இப்ப நீ என்ன சொன்ன?"

"வண்டி போயிடுச்சுன்னு சொன்னேன்."

"என்ன வண்டி? என்ன பண்ணின என் பொண்ண?"

"நான் நித்தினோட அம்மா மேடம்."

டாக்டரின் கண் அவள் முகத்தில் தேடியது. இங்கும் அங்கும் தேடியது. எதுவும் கிடைக்கவில்லை.

"எந்த நித்தின்?"

காவலாளி பச்சையம்மாவின் கையைப் பிடித்தான். அவளே நடந்தாள்.

போலீஸ் வரவில்லை. வந்தால் எல்லாப் பிள்ளைகளையும் பற்றிக் கேட்பார்கள். பச்சையம்மா மறுபடியும் பாண்டு தூக்கினாள்.

ஐப்பசி மழை பிடித்த வாரம், வெள்ளைக் கார் ஒன்று சேற்றில் வழுக்கிக்கொண்டு தளத்து வாசலில் திரும்பியது. செல்வராணிதான் முதலில் பார்த்தாள். கரண்டியை எடுத்து இரண்டு தட்டு.

மணல் குவியலில் விளையாடிய பிள்ளைகள் இல்லை. நித்தினை அவன் அத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நடுச் சேற்றில், செங்கல் அடுக்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு ரட்சிகா மட்டும் நின்றாள். காரைப் பார்த்தாள்.

"ஒளியேன்டி, சனியனே!" செல்வராணி ஓடிப் போய் அவளை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். "இவ ஒருத்தி! இன்னா தட்டுனாலும் மரம் மாதிரி நிக்குது."

காரிலிருந்து டாக்டர் இறங்கினாள். குடை இல்லை. பின்கதவைத் திறந்தாள். இருக்கையில் யாரும் இல்லை. இருக்கைக்கு அடியில், கால் வைக்கும் இடத்தில் மிஷா சுருண்டிருந்தாள்.

"பச்சையம்மா," என்றாள் டாக்டர். "நீங்க கொஞ்சம் வாங்க. சீக்கிரம்."

நீங்க. பச்சையம்மா அதைக் கவனித்தாள். பாண்டை இறக்கி வைத்துவிட்டுக் கார் கதவருகே போனாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். மிஷா எழுந்து உட்கார்ந்து கண்ணாடியில் மழைக்கோடு வரைந்தாள்.

"நான் சொன்னாலும் வருவா," என்றாள் டாக்டர். "ரொம்ப நேரம் ஆகும். நீங்க சொன்னா உடனே வரா."

"இன்னா வேணும்?"

"வீட்ல ஸ்பூனே இல்ல. பிளாஸ்டிக் தட்டு, கையாலதான் சாப்பிடறோம். கோயிலுக்குப் போக முடியல, மணி அடிப்பாங்க. ஸ்கூல்ல யாரோ டிபன்பாக்ஸைக் கீழ போட்டாங்க. அரைமணி நேரம் பாத்ரூம்ல..." நிறுத்தினாள். "எல்லாப் பிள்ளைங்களுக்கும் பயம் தெளிய வெச்சீங்களே. இதையும் தெளிய வைங்க."

"மத்ததெல்லாம் பயம் மேடம். அடிக்காம சோறு போட்டா போவும். இது பயம் இல்ல. வளர்ப்பு. எடுக்கறதுக்கு முன்னாடி மறக்க வெக்கலாம், பதிச்சப்புறம் முடியாது. இவகிட்டேர்ந்து காப்பி எடுத்துப் பாத்தீங்களா? எடுத்தா இளகுமாமே."

"மூணு தடவை எடுத்தேன். ஒரு நாள் நல்லா இருக்கா. அப்புறம் இறுகிடுது. ஒவ்வொரு தடவையும் முன்னைவிட கெட்டியா."

"நல்லா சாப்பிடறா," என்றாள் பச்சையம்மா.

டாக்டர் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தாள்.

"நல்லா தூங்கறா."

"உங்க பையனை நான் சரி பண்றேன்," என்றாள் டாக்டர் வேகமாக. "நித்தின். நித்தின்தானே? ஆறு மாசம், ஒரு வருஷம், என்கிட்டயே இருக்கட்டும். நல்ல காப்பி ஒண்ணு ஏத்தறேன். ஓடுவான்."

பச்சையம்மா ஒரு கணம் அதைப் பார்த்தாள். நித்தின் மூங்கிலில் ஏறுகிறான். நாக்கை நீட்டுகிறான்.

"யாரு புள்ளையோட காப்பி?" என்று கேட்டாள்.

மழை காரின் கூரையில் விழுந்தது.

"அதை விடுங்க," என்றாள் டாக்டர். "நான் ஒருத்தி மட்டும்தான் தப்புப் பண்ணினேனா? அந்த ரட்சிகாவை வேணும்னே அனுப்பினது நீங்கதானே? எல்லாம் தெரிஞ்சுதானே அனுப்பினீங்க?"

செல்வராணி நிமிர்ந்தாள். மகளின் தோளில் இருந்த கை அப்படியே நின்றது.

"எக்கா, இன்னா சொல்றாங்க இவங்க?"

"அப்புறம் சொல்றேன்."

"இன்னாக்கா தெரிஞ்சி அனுப்பின?"

பச்சையம்மா அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் முடியாது. இதற்குப் பிறகு நாலு கொட்டாய்க்கு அப்பால் தனக்கு யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்தது. அதையும் கணக்கில் சேர்த்துத்தான் அன்று ரட்சிகாவின் பித்தானைப் போட்டிருந்தாள்.

ரட்சிகா அம்மாவின் பிடியிலிருந்து நழுவி, காரின் பக்கவாட்டைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். திறந்த கதவில் தொங்கிக்கொண்டு மிஷாவைப் பார்த்தாள்.

"உன் பேரு இன்னா? எறங்கி வாயேன், சேத்துல வெளையாடலாம்."

டாக்டர் அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். முதல் முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ கூர்மையானது. பச்சையம்மாவுக்கு அந்த முகம் தெரியும். சோதனை அறையில் அது அப்படித்தான் இருக்கும்.

"இவ ஏன் ஒளியல? அந்தச் சத்தம் இவளுக்குக் கேட்டுதுல்ல?"

"கேட்டுச்சி. இவதான் ரட்சிகா. இவகிட்ட அது இல்ல. எடுத்தீங்க, இளகுச்சி, ஓடிடுச்சி."

"முழுசாவா?"

"முழுசா."

"எப்படி?" டாக்டர் ஒரு அடி முன்னால் வந்தாள். செருப்பு சேற்றில் புதைந்தது. "திரும்ப இறுகவே இல்லையா? என்ன பண்ணினீங்க இவளுக்கு? சொல்லுங்க, என்ன பண்ணினீங்க?"

பச்சையம்மா கையை நீட்டிக் காட்டினாள். தகரக் கொட்டாய்களின் வரிசை. ஒரு ஓரத்தில் மிக்சர், மழையிலும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த கொட்டாயின் வாசலில் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"காப்பி எடுத்த அன்னியிலேர்ந்து அங்கதான் படுத்திருந்தா. அந்த மிக்சர் பக்கத்துல. கஞ்சி இருந்தா கஞ்சி. இல்லன்னா தண்ணி. தூக்கம் வந்து கண்ண மூடுனா லாரி வந்து கொட்டும். எழுந்துக்குவா. வேற ஒண்ணும் பண்ணல."

டாக்டர் கொட்டாயைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். மிஷா ஒரு காலை வெளியே நீட்டி, கட்டைவிரலால் சேற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடையும் சேர்ந்துதான் போவும்," என்றாள் பச்சையம்மா. "இவளுக்குப் போன மாதிரி. ஒண்ண விட்டுட்டு ஒண்ண எடுக்க முடியாது, அது உங்களுக்கே தெரியும்."

"வேற வழி இருக்கும்." டாக்டரின் குரல் தாழ்ந்திருந்தது. "ஏதாவது இருக்கும்."

பச்சையம்மா முந்தானையால் கையைத் துடைத்தாள். குனிந்து மிஷாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிள்ளை லேசாக இருந்தது. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"பாய் இருக்குது மேடம், போத்திக்க நம்ம புடவை இருக்குது. எத்தினி நாளைக்கு விட்டுட்டுப் போறீங்க?"